மரமும் ஓர் அமானிதம்

 

வெள்ளி இரவுகளில் நம் இல்லங்களில் ஓதப்படும் யாஸீன் சூராவை அறியாதார் நம்மில் இலர். மக்கிப்போன எலும்புகளுக்கு எவன் உயிர் கொடுப்பான் என்று எள்ளி நகைத்தவனுக்கு மறுமொழி கூறும் அதன் இறுதிப் பகுதியில், பசுமரத்துக்குள்ளே நெருப்பை வைத்த தன் வல்லமையை இறைவன் சான்றாகக் காட்டுகின்றான். அதே திருமறையின் ஸபா சூராவில் வேறொரு காட்சி. ஸுலைமான் நபி (அலை) அவர்கள் கைத்தடியில் சாய்ந்த நிலையிலேயே இறையடி சேர்ந்துவிடுகின்றார்கள். ஏவிய வேலைகளைச் செய்துகொண்டிருந்த ஜின்களுக்கு அது தெரியவில்லை. மண்ணில் ஊரும் ஒரு சிற்றுயிர் அந்தத் தடியை மெல்ல மெல்ல அரித்துத் தின்று, அவர்களின் திருவுடல் சாய்ந்த பின்னரே உண்மை வெளிப்படுகின்றது. பேரரசர் ஒருவரின் மறைவை உலகுக்கு அறிவித்தது ஒரு கரையான்!

மரத்தின் பகைவர் இருவரை இவ்விரண்டு இடங்களிலும் காண்கின்றோம். ஒன்று நெருப்பு, மற்றொன்று செல். மூன்றாவது பகைவன் ஈரம். நம் வீட்டு நிலைக்கதவும், பள்ளிவாசலின் மிம்பரும், கிதாபுகள் அடுக்கிய அலமாரியும், ஜனாஸாவைச் சுமக்கும் சந்தூக்கும் இம்மூவரிடமிருந்தே காக்கப்பட வேண்டியவை. மரம் வெறும் முதுமையால் அழிவதில்லை. காக்கப்பட்டால் அது தலைமுறைகள் பலவற்றைக் கடந்து நிற்கும். இதை உங்கள் சிந்தனைக்கு வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பேரீச்சந் தூணும் தேக்குக் கூரையும்

மதீனாவில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எழுப்பிய பள்ளிவாசலை எண்ணிப் பாருங்கள். பச்சைச் செங்கல் சுவர், பேரீச்ச மரத் தூண்கள், பேரீச்ச ஓலைக் கூரை. அத்தூண்கள் காலப்போக்கில் இற்றுப்போயின என்றும், கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள் காலத்தில் மீண்டும் பேரீச்ச மரங்களைக் கொண்டே அவை புதுப்பிக்கப்பட்டன என்றும் அபூதாவூதில் ஓர் அறிவிப்பு உள்ளது. பின்னர் கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்கள் பள்ளியை விரிவாக்கியபோது தூண்களைக் கல்லால் அமைத்தார்கள். கூரையை ‘ஸாஜ்’ மரத்தால் அமைத்தார்கள் என்று புகாரியில் காண்கின்றோம். ஸாஜ் என்பது நம் தேக்கு.

பேரீச்சை ஏன் இற்றது, தேக்கு ஏன் தேடப்பட்டது? இதற்கு நம் தமிழிலேயே விடை உண்டு. உட்புறம் வைரம் கொண்டதை மரம் என்றும், வெளிப்புறம் மட்டும் வைரம் கொண்டதைப் புல் என்றும் தொல்காப்பியர் வகைப்படுத்தினார். அக்கணக்கில் பனையும் தென்னையும் பேரீச்சையும் புல்லினமே. அவற்றின் நடுவே உள்ள சோற்றுப்பகுதி மெத்தென்று நீரை உறிஞ்சிக்கொள்ளும். நம் ஊர்ப்புறங்களில் பனையைப் பிளந்து, உட்சோற்றைச் செதுக்கி எறிந்துவிட்டு, கருத்த புறவைரத்தை மட்டும் கைமரமாக ஏற்றியது இதனால்தான்.

தேக்கின் வைரம் உள்ளே இருக்கின்றது. மரம் வளர வளர நடுத்தண்டின் உயிரணுக்கள் இறந்து, எண்ணெயும் கசப்புப் பொருள்களும் அங்கே சேர்கின்றன. பூஞ்சணமும் கரையானும் அவற்றை விரும்புவதில்லை. ஆனால் அதே தேக்கின் வெளிப்புற வெள்ளைப் பகுதிக்கு இந்தக் காப்பு கிடையாது. ‘தேக்கு’ என்று சொல்லி விற்கப்படுவதெல்லாம் வைரம் ஆகிவிடாது என்பதை மரக்கடைக்குச் செல்லும் சகோதரர்கள் நினைவில் கொள்ளுங்கள். வெளிறிய ஓரப் பகுதியைச் சாயம் பூசி மறைத்து விற்கும் வழக்கமும் உண்டு.

வைரத் தேக்கின் ஆயுளுக்குக் கண்கண்ட சான்று துனீசியாவின் கைரவான் நகரப் பெரிய பள்ளிவாசலில் இன்றும் நிற்கின்றது. கி.பி. 862-ஐ ஒட்டி அமைக்கப்பட்ட அதன் மிம்பர், உலகில் எஞ்சியுள்ள மிம்பர்களிலேயே மிகப் பழையது. பதினொரு படிகள், முந்நூறுக்கும் மேற்பட்ட செதுக்குப் பலகைகள். அதன் தேக்கு ஆப்பிரிக்க மண்ணில் விளைந்ததன்று. நம் நாட்டின் திசையிலிருந்து கடல் கடந்து சென்றது. ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அது நிற்பதற்கு மரத்தின் இயல்பு பாதிக் காரணம். வறண்ட காற்றும் தலைமுறை தலைமுறையாகப் பேணிய கைகளும் மீதிப் பாதி.

ஈரம்

மரத்தை இற்றுப்போகச் செய்வது பூஞ்சணம். அதன் வித்துகள் காற்றில் எங்கும் உள்ளன. அவற்றைத் தடுக்க எவராலும் இயலாது. ஆனால் அவை முளைக்க ஈரம் வேண்டும். மரத்தின் உலர் எடையில் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்குமானால் பூஞ்சணம் அங்கே வாழ்வதில்லை. முழுக்க நீரில் மூழ்கிய மரமும் எளிதில் இறுவதில்லை. அங்கே பூஞ்சணத்துக்குக் காற்றில்லை. நனைந்தும் காய்ந்தும் மாறி மாறி இருக்கும் இடமே ஆபத்தான இடம். குளியலறைக் கதவின் அடிப்பாகத்தையும், கொல்லைப்புற நிலைக்காலின் பாதத்தையும், ஓடு உடைந்த இடத்தின் கீழுள்ள வாரையையும் இன்றே பாருங்கள். வீடு முழுவதும் மரம் நலமாக இருக்க, அந்த இடங்கள் மட்டும் விரலால் அழுத்தினால் உள்ளே போகும்.

நான் பணிபுரியும் ஊரின் பள்ளிவாசலில் பர்மாத் தேக்காலான மிம்பர் ஒன்று உண்டு. ரங்கூனில் வணிகம் செய்த முன்னோர் கொண்டுவந்து வக்ஃபு செய்த மரம் என்பர். சில ஆண்டுகளுக்கு முன் அதன் கீழ்ப்படி உளுத்து உடைந்தது. ஏறும்போது கதீபின் கால் இடறியது. மிம்பரை அகற்றிவிட்டுச் சிமெண்டால் கட்டி ஓடு பதித்துவிடலாம் என்று ஜமாஅத் கூட்டத்தில் பலரும் கருத்துரைத்தனர். ஆபத்து உண்மையானது, அவர்கள் சொன்னதில் நியாயமும் இருந்தது. இறுதி முடிவுக்கு முன் ஒரு முறை தச்சரை அழைத்துக் காட்டலாம் என்று முத்தவல்லி சொன்னார்.

முதியவரான ஆசாரியார் வந்தார். சிறு சுத்தியால் மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே போனார். மேற்படிகள் கணீரென்று ஒலித்தன. அடிப்படியில் மட்டும் சத்தம் மந்தமாகியது. உளி முனையால் குத்திப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“ஹஜ்ரத், நாலு விரற்கடைக்கு மேலே இந்த மரத்துக்கு ஒரு குறையும் கிடையாது. காலடியில் தண்ணீர் நின்றால் மரம் என்ன செய்யும்?” என்றார்.

பிறகுதான் எல்லோருக்கும் விளங்கிற்று. பிற்காலத்தில் தரையை உயர்த்தியபோது மிம்பரின் கால்கள் சிமெண்டுக்குள் புதைந்துவிட்டன. ஜும்ஆவுக்காக வியாழன்தோறும் தரையைக் கழுவிவிடும் நீர் அந்த விளிம்பில் தேங்கி, வெளியேற வழியின்றி மரத்துக்குள் ஏறியிருக்கின்றது. ஆசாரியார் இற்ற பகுதியை அறுத்தெடுத்தார். வைரமுள்ள புதிய தேக்கை இணைத்தார். தரைக்கும் மரத்துக்கும் இடையே கருங்கல் துண்டுகளை வைத்துத் தூக்கி நிறுத்தினார். புதிய மிம்பருக்கென மதிப்பிட்ட தொகையில் சிறு பங்கே செலவாயிற்று. அல்ஹம்துலில்லாஹ், இன்றும் அதன்மீதுதான் குத்பா ஓதப்படுகின்றது.

இதில் உங்களுக்கும் எனக்கும் உள்ள பாடம் எளியது. மரத்தை மண்ணிலோ சிமெண்டிலோ புதைக்காதீர்கள். கல்லின்மேல் நிறுத்துங்கள். நீர் வடிய வழி விடுங்கள். காற்றுப் புக இடம் விடுங்கள். ஈரம் காயாத மரத்தின்மேல் வார்னிஷ் பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்படும். முதலில் உலர்த்துங்கள், பிறகு பூசுங்கள்.

செல்லும் உளுவும்

கரையான் உண்பது மரத்தின் நார்ப்பொருளை. அதன் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அதைச் செரிக்க உதவுகின்றன. வெளிச்சமும் உலர்காற்றும் அதற்கு ஆகா. ஆகவே நிலத்திலிருந்து மரம் வரை மண்ணால் சிறு குழாய்ப் பாதை அமைத்துக்கொண்டு மறைவாக ஏறி வருகின்றது. சுவரில் பென்சில் கனத்தில் மண்கோடு ஒன்று தெரிந்தால் அதைத் துடைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். அது எங்கே தொடங்குகின்றது, எங்கே முடிகின்றது என்று பாருங்கள். கிதாபு அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் நாலு விரல் இடம் விட்டு, கால்களுக்குக் கல் கொடுத்து நிறுத்தினால் மண்கோடு கண்ணுக்குத் தப்பாது. பாட்டிமார் பேணி வைத்த அரபுத் தமிழ்க் கிதாபுகள் எத்தனை வீடுகளில் அலமாரியின் பின்பலகை வழியே செல்லுக்கு இரையாகிவிட்டன! முன்னால் பார்த்தால் அட்டை முழுமையாக இருக்கும். கையில் எடுத்தால் உள்ளே மண்தான் இருக்கும்.

மூங்கிலிலும் வெள்ளை மரத்திலும் மாவுபோல் தூள் உதிர்ந்தால் அது உளுவண்டின் வேலை. அது மாவுச்சத்தைத் தேடி வருவது. வெட்டிய மூங்கிலைப் பல நாள்கள் நீரில் ஊறப்போட்டுப் பிறகு நிழலில் உலர்த்தும் முன்னோரின் வழக்கம், அந்தச் சத்தைக் கரைத்து வெளியேற்றும் நுட்பமேயாகும்.

எண்ணெய் ஊட்டிக் காப்பதும் பழங்கலையே. அந்தலூஸிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட இப்னு ஜுபைர் 1183-இல் செங்கடலைக் கடந்தார். அங்குள்ள மரக்கலங்கள் ஆணியின்றித் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டிருந்ததையும், அவற்றுக்கு நெய்யோ ஆமணக்கெண்ணெயோ சுறா எண்ணெயோ பூசப்பட்டதையும், மூன்றிலும் சுறா எண்ணெயே சிறந்ததாகக் கருதப்பட்டதையும் தம் பயண நூலில் பதிந்துள்ளார். ஹாஜிகளின் உயிர் அந்த எண்ணெய்ப் பூச்சை நம்பிக் கடல் கடந்தது!

மருந்தும் அதன் எல்லையும்

மரத்துக்குள் மருந்தைச் செலுத்தும் முறை 1838-இல் இங்கிலாந்தில் வந்தது. ஜான் பெத்தெல் என்பார் மரத்தை உருளைக் கலத்தில் அடைத்து, காற்றை உறிஞ்சி வெளியேற்றி, நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த எண்ணெயை அழுத்தத்துடன் உட்செலுத்தினார். இரயில் பாதையின் மரக்கட்டைகள் நீண்ட காலம் உழைத்தது இம்முறையால்தான். நம் நாட்டின் பங்கும் சிறிதன்று. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சொந்தி காமேசன் என்னும் அறிஞர் 1933-இல் செம்பு, குரோமியம், ஆர்செனிக் ஆகியவற்றின் உப்புகளைச் சேர்த்து ஒரு மருந்தைக் கண்டார். செம்பு பூஞ்சணத்தைத் தடுக்கும். ஆர்செனிக் பூச்சியைத் தடுக்கும். குரோமியம் அவ்விரண்டையும் மழைநீரில் கரைந்துவிடாமல் மரத்தோடு பிணைக்கும். உலகெங்கும் மின்கம்பங்களும் வேலிகளும் இம்மருந்தால் நிலைத்தன.

ஆயினும் ஆர்செனிக் கொடிய நஞ்சு. குழந்தைகள் தொட்டு விளையாடும் மரங்களில் அது வேண்டாம் என்ற எண்ணம் வலுத்து, 2003-ஆம் ஆண்டு இறுதியோடு அமெரிக்காவில் பெரும்பாலான வீட்டு உபயோக மரங்களுக்கு அதைப் பயன்படுத்துவது நின்றது. நாமும் கவனமாயிருப்போம். பயன்படுத்திக் கழித்த வண்டி எண்ணெயையும் தாரையும் வீட்டுக்குள்ளே உத்திரங்களில் பூசுவோர் உள்ளனர். செல்லைத் துரத்த எண்ணி நெருப்புக்கு விருந்து வைப்பதாக அது முடியும்.

வீட்டுக்கும் பள்ளிவாசலுக்கும் ஏற்ற எளிய மருந்து வெண்காரம். நாட்டு மருந்துக்கடையில் கிடைப்பதுதான். பத்து லிட்டர் வெந்நீரில் 300 கிராம் வெண்காரமும் 200 கிராம் போரிக் அமிலமும் கரைத்து, வர்ணமோ வார்னிஷோ இல்லாத மரத்தில் இரண்டு மூன்று முறை ஊறப் பூசலாம். சிறு சட்டங்களையும் மூங்கிலையும் அதிலேயே ஊறவைப்பது இன்னும் நல்லது. பூஞ்சணம், கரையான், உளுவண்டு மூன்றுக்கும் இது பகை. நீரில் கரையும் மருந்தாதலால் மழைபடும் இடத்துக்கு உதவாது; உள்ளிடத்திலும் நன்கு உலர்ந்தபின் மேலே வார்னிஷ் தேவை. கையுறை அணிந்து பூசுங்கள். சமையல் பாத்திரத்தில் கரைக்காதீர்கள். குழந்தைகளின் கைக்கெட்டாமல் வையுங்கள். வயிற்றுக்குள் போனால் இதுவும் நஞ்சே.

நெருப்பு

வெண்காரத்துக்கு இன்னொரு குணமும் உண்டு: அது நெருப்பையும் தாமதப்படுத்தும். சூடேறும்போது தன்னுள் இருக்கும் நீரை வெளியிட்டு, உருகி, கண்ணாடிபோல் மரத்தின்மேல் படியும். 1821-இல் பிரெஞ்சு அறிஞர் கே-லூசாக், நாடக அரங்குகளின் திரைச்சீலைகள் தீப்பற்றாதிருக்க அம்மோனியப் பாஸ்பேட்டையும் வெண்காரத்தையும் ஆய்ந்து பரிந்துரைத்தார். அதற்கும் வெகு முன்பே, கி.மு. 86-இல் கிரேக்க நாட்டுப் போர் ஒன்றில் படிகாரம் பூசிய மரக்கோபுரத்தை உரோமப் படையினரால் எரிக்க முடியவில்லை என்று பழைய நூலொன்று கூறுகின்றது.

மரம் எரியும் விதத்தையும் அறிந்துகொள்வோம். சூட்டில் மரம் சிதைந்து ஆவிகளை வெளியிடுகின்றது. தீப்பிழம்பாக எரிவது அந்த ஆவிகளே. மேற்பரப்பு கரியாகும்போது, அக்கரியே உள்மரத்துக்குப் போர்வையாகின்றது. ஆகவேதான் கனத்த உத்திரம் அரை மணி நேரத் தீயில் பக்கத்துக்குச் சுமார் 2 சென்டிமீட்டரையே இழக்கின்றது. காப்பில்லாத எஃகோ 600 பாகை வெப்பத்தில் தன் வலிமையில் பாதிக்கு மேல் இழந்து வளைந்துவிடும். மாறாக மெல்லிய பலகையும் மூங்கில் தட்டியும் ஓலையும் நொடியில் பற்றிக்கொள்ளும். மெல்லியவற்றை நெருப்பிலிருந்து விலக்கி வைப்பதே முதற்காப்பு. சூட்டில் நுரைபோல் பொங்கி மரத்தை மூடும் பூச்சுகளும் இன்று கிடைக்கின்றன. எந்தப் பூச்சும் மரத்தை எரியாப் பொருளாக்கிவிடாது. எழுந்து ஓடவும், நீர் கொண்டுவரவும் சற்று அவகாசம் தரும்; அந்த அவகாசத்தில் ஓர் உயிர் பிழைக்கலாம்.

மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு தீப்பற்றிய செய்தி பெருமானார் (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, நெருப்பு உங்களுக்குப் பகையாயிற்றே, உறங்கச் செல்லுமுன் அதை அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில் அவர்கள் அறிவுறுத்தினார்கள். எலி விளக்குத் திரியை இழுத்துச் சென்று வீட்டை எரித்துவிடக் கூடும் என்பதையும் எச்சரித்துள்ளார்கள். இவ்வளவு நுணுக்கமாக நம் இல்லங்களின்மீது அக்கறை கொண்ட நபியின் பள்ளிவாசலுக்கே பின்னொரு நாள் அச்சோதனை நேர்ந்தது. ஹிஜ்ரி 654 (கி.பி. 1256) ரமளான் தொடக்கத்தில், விளக்குப் பணியாளர் ஒருவர் பொருள் வைக்கும் அறைக்குள் கொண்டுசென்ற சுடர் அங்கிருந்தவற்றைப் பற்றிக்கொண்டது. கூரை முழுவதும் எரிந்தது. அண்ணலாரின் மிம்பரில் எஞ்சியிருந்த மரமும் அன்றோடு மறைந்தது. முற்றத்தின் நடுவே தனித்து நின்ற கருவூல மண்டபம் மட்டும் தப்பியது. அதனுள் இருந்த திருமறைப் பிரதியும் தப்பியது. இடைவெளி செய்த காவல் அது.

மற்றொரு மிம்பரின் வரலாறும் நெஞ்சைச் சுடுவது. பைத்துல் முகத்தஸ் மீட்கப்படுமுன்பே, மீட்கப்படும் என்ற உறுதியோடு நூருத்தீன் ஸங்கி அவர்கள் 1168-69-இல் அலெப்போ நகரில் ஒரு மிம்பரைச் செய்வித்தார்கள். ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளைக் கோத்துச் செய்த அதனை, 1187-இல் ஸலாஹுத்தீன் அய்யூபி அவர்கள் மஸ்ஜிதுல் அக்ஸாவில் நிறுவினார்கள். எட்டு நூற்றாண்டுகள் ஈரமும் செல்லும் தீண்டாமல் காக்கப்பட்ட அது, 1969 ஆகஸ்ட் 21 அன்று ஒரு கொடியவன் வைத்த தீயில் சில மணி நேரத்தில் கருகியது. ஜோர்தானில் பல ஆண்டு உழைப்பில் உருவான புதிய மிம்பர் 2007-இல் அங்கே வைக்கப்பட்டது. கைத்திறன் மீண்டது, அந்த மரம் மீளவில்லை.

நாம் செய்ய வேண்டியது

ரமளானுக்கு முன் பள்ளிவாசலுக்கு வெள்ளையடிப்பது நம் வழக்கம். அப்போது ஒரு தச்சரையும் ஒரு மின்பணியாளரையும் உடன் அழைத்து, மரங்கள் அனைத்தையும் தட்டிப் பார்க்கவும், மரத்தின்மேல் ஓடும் பழைய மின்கம்பிகளை மாற்றவும் ஜமாஅத்தார் ஏற்பாடு செய்வார்களானால் பெரும் நன்மையாகும். மிம்பரின் அடியிலும் மாடிப்படியின் கீழும் பழைய பாய்களையும் காகிதங்களையும் அடைத்து வைக்கும் வழக்கத்தை விடுவோம். ஒரு வாளி மணலும், தீயணைக்கும் கருவியும் எப்போதும் அருகே இருக்கட்டும்.

இல்லத்தில் சகோதரிகளின் கண்ணே முதற்காவல். மழைக்காலத்துக்கு முன் ஓடுகளையும் நிலைக்கால்களையும் பாருங்கள். சாம்பிராணிச் சட்டியையும் கொசுவத்தியையும் மரத்தின்மேல் நேராக வைக்காமல் மண் தட்டில் வையுங்கள். மின்சாரம் நின்ற இரவில் ஏற்றிய மெழுகுவத்தியை அணைத்த பின்னரே கண்ணயருங்கள். அது ஸுன்னத்தைப் பேணியதாகவும் ஆகும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சாய்ந்து நின்று குத்பா ஓதிய பேரீச்ச மரத்தண்டு, அவர்கள் புதிய மிம்பருக்கு மாறியபோது பிரிவாற்றாது அழுததையும், அண்ணலார் இறங்கிவந்து அதை அணைத்து ஆறுதல் அளித்ததையும் நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கின்றோம். அந்த வரலாற்றைக் கேட்டு வளரும் பிள்ளைகள் நம் பள்ளியின் மிம்பர் உளுத்துக் கிடப்பதைக் காணலாகாது. வக்ஃபு செய்த முன்னோர் மண்ணுக்குள் சென்றுவிட்டனர். அவர்கள் விட்டுச்சென்ற மரத்தில் ஒவ்வொரு ஜும்ஆவிலும் இறைவனின் பெயர் ஓதப்படும்வரை அதன் நன்மை அவர்களைச் சேருமென நம்புகின்றோம். அந்த நன்மை இடையில் அறுந்துபோகாமல் காப்பது நம் கையில் தரப்பட்ட அமானிதம்.

வல்ல அல்லாஹ் நம் இல்லங்களையும் பள்ளிகளையும் எல்லாத் தீங்குகளிலிருந்தும் காத்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.